புகாட்டி ராயல்: ஆறு கார்களும் இரண்டு ஃப்ரிட்ஜும்

இரண்டு ஃப்ரிட்ஜைக் கொடுத்து ஒரு புகாட்டி ராயல் காரை வாங்கினார்களாமே, அது உண்மையா, உலகத்தில் மொத்தமே ஆறு கார்தான் என்றால் அந்த ஆறும் யார் யார் கையில் இருந்தன, இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஃப்ரிட்ஜ் கதை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஃப்ரிட்ஜோடு பணமும் கைமாறியது, வாங்கியதும் ஒரு கார் அல்ல, இரண்டு. இந்தக் கார்களைப் பற்றிப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராயல் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஏலத்தில் போன கோடிகளுக்குத் தாவிவிடுகிறார்கள். பழைய இரும்பு விலைக்கு மேல் ஒருவரும் கேட்காத காலத்தில் இவற்றை யார் எதற்காகக் காப்பாற்றி வைத்தார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். செய்த ஆறும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன என்றால் அந்தச் சிலரால்தான்.

முதலில் கார். எத்தோர் புகாட்டி 1881-ல் இத்தாலியின் மிலானில் பிறந்தவர், தொழிற்சாலை வைத்தது இன்று பிரான்சில் இருக்கும் அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்ற சின்ன ஊரில். அவர் பெயர் வாங்கியதெல்லாம் லேசான, வேகமான பந்தயக் கார்களால். ஒரு விருந்தில் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர், வேகத்துக்கு உங்கள் கார், சொகுசுக்கு ரோல்ஸ் ராய்ஸ்தான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட, அது அவருக்குச் சுருக்கென்று தைத்து, ராஜாக்களுக்கென்றே ஒரு கார் செய்யக் கிளம்பினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1920-களின் நடுவில் டைப் 41 என்ற வேலை தொடங்கியது. அதற்கு வைத்த பெயர்தான் ராயல்.

அளவைச் சொன்னால்தான் புரியும். எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில், 12.7 லிட்டர் இன்ஜின். இன்று தெருவில் ஓடும் சின்னக் கார் ஒன்றுக்கு 1.2 லிட்டர் என்று வைத்தால் பத்து காரின் இன்ஜின் இந்த ஒன்றுக்குள் இருக்கிறது. முதலில் செய்து பார்த்த சோதனைக் காரில் இன்னும் பெரிது, 14.7 லிட்டர். காரின் நீளம் ஏறத்தாழ 6.4 மீட்டர், எடை மூன்று டன்னுக்கு மேல். மூன்றே கியர்: முதல் கியர் வண்டியைக் கிளப்ப, இரண்டாவது கியர் மற்ற எல்லாவற்றுக்கும், மூன்றாவது நீண்ட நேர்ச்சாலையில் நிதானமாகப் பறப்பதற்கு. இன்னொரு விஷயம், இதில் சிலிண்டர் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடியை, தனியாகக் கழற்ற முடியாது, ஹெட்டும் அதன் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. இரண்டுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் கசியும் தொல்லை இல்லை என்பது லாபம், ஆனால் வால்வைத் தேய்ப்பதற்குக்கூட இன்ஜினை முழுக்க இறக்கிப் பிரித்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நியூயார்க் கதையில் வரும்.

ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு யானை, பின்னங்கால்களில் எழுந்து தும்பிக்கையைத் தூக்கி நிற்கும். அதை வடித்தவர் எத்தோரின் தம்பி ரெம்பிராண்ட் புகாட்டி. சிற்பி, மிருகங்களை மட்டுமே பார்த்துப் பார்த்துச் செய்தவர், பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் மிருகக்காட்சிசாலையே அவருக்கு வீடு மாதிரி. முதல் உலகப் போரில் அங்கிருந்த மிருகங்களைக் கொல்ல வேண்டி வந்தது. 1916 ஜனவரியில், 31 வயதில், பாரிசில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் வாழ்க்கையிலேயே பெரிய காருக்கு முகமாக அண்ணன் வைத்தது தம்பியின் யானையை. அந்தக் காரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

25 கார் செய்வதாகத் திட்டம். சேசிஸ், அதாவது பாடி இல்லாத வண்டி மட்டும் 30,000 டாலர் அளவில் விலை, அப்புறம் அதைக் கொண்டுபோய்த் தனியாகப் பாடி கட்டிக்கொள்ள வேண்டும், நம் ஊரில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் கட்டுகிறோமே அப்படித்தான். அன்று அமெரிக்காவில் புது ஃபோர்டு கார் 500 டாலருக்குக் கிடைத்தது. விற்பனைக்குக் கார் தயாரான நேரத்தில் 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி வந்துவிட்டது. ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ வாங்குவார் என்று பேச்சிருந்தது, 1931-ல் அவர் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அல்பேனியாவின் மன்னர் ஸோக் கேட்டு வந்தபோது அவர் சாப்பிடும் முறை பிடிக்காமல் எத்தோர் விற்க மறுத்தார் என்றும் சொல்வார்கள், அதை நான் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் ராஜாக்களுக்கென்று செய்த காரை ஒரு ராஜாகூட வாங்கவில்லை. விற்றவை மூன்று. வாங்கியவர்கள் ஒரு துணி வியாபாரி, ஒரு டாக்டர், ஒரு பணக்கார வாரிசு.

துணி வியாபாரி அர்மான் எஸ்டேர்ஸ், பிரான்சில் ஆயத்த ஆடைகள் தயாரித்தவர். 1932-ல் அவருக்குப் போன கார் இரண்டே பேர் உட்காரும் திறந்த ரோட்ஸ்டர், வரைந்தவர் எத்தோரின் மகன் ழான், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். அதில் ஹெட்லைட் கிடையாது. நான் இரவில் ஓட்டப்போவதில்லை, எனக்கு எதற்கு என்று எஸ்டேர்ஸ் சொல்லிவிட்டார். விளக்கு இல்லாததால் முன்பக்கக் கோடுகள் தடையில்லாமல் ஓடும் அந்தப் பாடிதான் ஆறிலும் அழகு என்பது என் கருத்து. ஆனால் கார் அடுத்த கைக்குப் போனதும் அந்தப் பாடியைக் கழற்றிவிட்டு பாரிசின் பின்டர் பட்டறையில் வேறு பாடி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். போருக்குப் பிறகு அது அமெரிக்கா போய், 1964-ல் ரெனோ நகரத்தில் சூதாட்ட விடுதி நடத்திய வில்லியம் ஹாராவின் சேகரிப்பில் சேர்ந்தது. 1986-ல் கலிபோர்னியாவில் வீடு கட்டி விற்கும் தொழிலில் இருந்த ஜெனரல் வில்லியம் லையன் வாங்கினார், 1999-ல் ஃபோக்ஸ்வாகன். புகாட்டி என்ற பெயரையே ஃபோக்ஸ்வாகன் அதற்குச் சற்று முன் வாங்கியிருந்தது, கையில் ஒரு ராயல்கூட இல்லாமல் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது எப்படி என்று நினைத்திருக்க வேண்டும்.

வாரிசு என்றது இங்கிலாந்தின் கேப்டன் கத்பர்ட் ஃபாஸ்டர், 1933-ல் வாங்கி லண்டனின் பார்க் வார்டிடம் லிமோசின் பாடி கட்டிக்கொண்டார். நேர்ச்சுவர், உயரமான கூரை, அன்றைய பழைய டைம்லர் காரின் சாயல். 1946-ல் புகாட்டி பித்துப் பிடித்த வியாபாரி ஜாக் லெமன் பர்ட்டன் அதை 700 பவுண்டு அளவில் வாங்கினார், 1956-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஷேக்ஸ்பியர் என்ற சேகரிப்பாளருக்குப் போனது. இதன் மீதிக் கதை, பின்னால் வரப்போகும் ஷ்லும்ப் சகோதரர்களோடு சேர்த்துச் சொன்னால்தான் சரிவரும்.

டாக்டர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யோசஃப் ஃபுக்ஸ், ஜெர்மனியில் மகப்பேறு மருத்துவர். 1932-ல் சேசிஸ் வாங்கி மியூனிக்கில் லுட்விக் வைன்பெர்கரிடம் மேல்துணி மடக்கும் கேப்ரியோலே பாடி கட்டினார், கறுப்பும் மஞ்சளும். அடுத்த வருடமே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஃபுக்ஸ் ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார், சுவிட்சர்லாந்து, அங்கிருந்து ஷாங்காய், அப்புறம் நியூயார்க். ஊர் ஊராக நாடு நாடாக ஓடும் ஒருவர், மூன்று டன் காரையும் விடாமல் கப்பலேற்றிக்கொண்டே போயிருக்கிறார். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் அந்தக் காரில் எதைக் கண்டாரோ.

நியூயார்க்கில் ஒரு குளிர்காலத்தில் இன்ஜினுக்குள் இருந்த தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்துவிட்டது. உறையாமல் தடுக்கும் திரவம் ஊற்றியிருக்கவில்லை. முன்பு சொன்னேனே, ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு, மாற்றிப் போட வேறு பிளாக் கடல் தாண்டி மோல்சைமில்தான், அங்கேயோ போர் வந்துகொண்டிருக்கிறது. கார் கடைசியில் பிராங்ஸ் பகுதியில் ஒரு காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. போர்க்காலத்தில் இரும்புக்கு எவ்வளவு பசி என்று சொல்ல வேண்டியதில்லை, உருக்கியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

சார்ல்ஸ் செய்ன் என்பவர் அன்று ஜெனரல் மோட்டார்ஸில் பியூக் கார்களின் தலைமைப் பொறியாளர். 1940-களில் இந்தக் காரைத் தேடிப்பிடித்து 400 டாலருக்கு வாங்கி, டெட்ராய்ட் பக்கம் கொண்டுபோய், விரிசல் விட்ட இன்ஜினைச் சரிசெய்து, 1947 வாக்கில் ஓட்டியே காட்டினார். ஒற்றைக் கார்பரேட்டருக்குப் பதில் நான்கு வைத்தார், கறுப்பும் மஞ்சளும் போய் வெண்மையும் பச்சையும் வந்தது. அசலை மாற்றிவிட்டார் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. உடைந்த இன்ஜினைப் பார்த்து இதைச் சரிபண்ண முடியும் என்று நினைத்த ஒரே ஆள் அவர், நன்றாக ஓட வேண்டும் என்று ஒரு பொறியாளராக யோசித்துத்தான் கார்பரேட்டரை மாற்றினார். 1950-களின் இறுதியில் அவரும் மனைவியும் அதை டியர்பர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தவர், போட்டியாளர் பெயரில் இருக்கும் இடத்துக்குக் கொடுத்தார், ஏனென்றால் கார் அங்கே பத்திரமாக இருக்கும். ஆறில் இந்த ஒன்று மட்டும் அதற்குப் பிறகு சந்தைக்கே வரவில்லை.

சரி, விற்காத மூன்றுக்கு வருவோம். அவற்றில் ஒன்று அந்த முதல் சோதனைக் கார். அமெரிக்கப் பேக்கார்டு காரின் பாடியில் தொடங்கி அடுத்தடுத்து வேறு வேறு பாடி மாற்றி ஓட்டினார் எத்தோர். பாரிசிலிருந்து அல்சாஸ் திரும்பும் வழியில் ஸ்டியரிங் பிடித்தபடியே கண்ணயர்ந்து மோதிவிட, அதை மறுபடி எழுப்பிக் கட்டியதுதான் கூப்பே நெப்போலியன் என்று பெயர் பெற்ற கார். டிரைவர் திறந்தவெளியில், முதலாளி கண்ணாடிக் கூரைக்குக் கீழே. இதுவும் ழான் வரைந்ததுதான். மற்ற இரண்டு, கெல்னர் பட்டறை பாடி கட்டிய மூடிய காரும், பெர்லின் டி வொயாஜ் என்ற பயணக் காரும்.

இதற்கிடையே குடும்பத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக அடி. 1936-ல் மோல்சைம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சாலையைத் தன் குடும்பம் மாதிரி நினைத்திருந்த எத்தோர் மனம் விட்டுப்போய் பாரிசுக்குப் போய்விட்டார், ழான்தான் பார்த்துக்கொண்டார். 1939 ஆகஸ்ட் 11-ல் ஒரு பந்தயக் காரைச் சோதித்துப் பார்க்கும்போது சாலையில் வந்த சைக்கிள்காரருக்காக ஒதுங்கி மரத்தில் மோதி ழான் இறந்தார், வயது 30. மூன்று வாரத்தில் போர். ஜெர்மானியர் கையில் சிக்காமல் இருக்க மூன்று ராயல் கார்களையும் பாரிசுக்கு வடக்கே எர்மனோன்வில்லில் இருந்த குடும்ப வீட்டில் வைத்துச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். போர் முடிந்தும் எத்தோருக்கு நிம்மதி இல்லை, இத்தாலியர் என்பதால் எதிரிச் சொத்தாகத் தொழிற்சாலை முடக்கப்பட்டு, அதை மீட்க வழக்காடி, 1947 ஆகஸ்டில் காலமானார்.

இங்கேதான் உங்கள் ஃப்ரிட்ஜ். பிரிக்ஸ் கன்னிங்ஹாம் அமெரிக்கப் பந்தயக்காரர், செல்வந்தர். 1950-ல் இரண்டு காடிலாக் கார்களோடு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் பிரான்ஸ் வந்தவர், எத்தோரின் மகள் லெபேயிடமிருந்து கெல்னர் காரையும் பெர்லின் டி வொயாஜையும் வாங்கினார். பரவலாகச் சொல்லப்படும் விலை 2 லட்சம் ஃபிராங்க், அன்றைய கணக்கில் 571 டாலர், கூடவே ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இரண்டு புது ஃப்ரிட்ஜ். இதைப் படித்துவிட்டு அந்த அம்மாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. போர் முடிந்து ஐந்தே வருடம், பெட்ரோலுக்கே தட்டுப்பாடு இருந்து மீண்டுகொண்டிருந்த பிரான்சில், பத்து கார் அளவுக்குக் குடிக்கும் இருபது வருடப் பழைய வண்டி யாருக்கு வேண்டும்? பணத்தின் மதிப்போ நாளுக்கு நாள் கரைகிறது, அமெரிக்க ஃப்ரிட்ஜோ கடையில் கிடைக்காத பொருள். தம்பி ழானும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் குடும்பத்தைத் தாங்கி நின்ற ஒரு பெண், உபயோகமுள்ள பொருளாகக் கேட்டு வாங்கினார். கூப்பே நெப்போலியனை விற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அப்பா ஓட்டிய, தம்பி வரைந்த அந்தக் கார் இன்னும் பதின்மூன்று வருடம் புகாட்டி வசமே இருந்தது.

அது போன இடம் ஃபிரிட்ஸ் ஷ்லும்ப். ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்ற இந்தச் சகோதரர்கள் அல்சாஸில் மியூலூஸ் நகரத்தைச் சுற்றி நூற்பாலைகள் நடத்திய சுவிஸ்காரர்கள். ஃபிரிட்ஸுக்கு புகாட்டி என்றால் உயிர். 1963-ல் புகாட்டி நிறுவனம் வைத்திருந்த கார்களை மொத்தமாக வாங்கியபோது கூப்பே நெப்போலியன் வந்தது. 1964-ல் அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் வைத்திருந்த 30 புகாட்டிகளையும் 85,000 டாலருக்கு ஒரே பேரமாக வாங்கினார், அதில் ஃபாஸ்டரின் பார்க் வார்டு லிமோசினும் இருந்தது. முப்பதும் ரயில் வேகனில் ஏறிக் கிளம்பும் புகைப்படம் இருக்கிறது, வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் போன கார்கள் வரிசையாக. ராயலும் சேர்த்து ஒரு காருக்குச் சராசரி 3,000 டாலர்கூட ஆகவில்லை.

மியூலூஸில் மூடிக் கிடந்த ஒரு கம்பளி ஆலையை வாங்கி, வெளியே யாருக்கும் சொல்லாமல், உள்ளே 400-க்கும் மேற்பட்ட கார்களை நிறுத்தி, பாரிசின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தில் இருக்கும் தெருவிளக்குகளைப் போலவே நூற்றுக்கணக்கில் செய்வித்து நட்டு வைத்தார்கள். அம்மா ழான் ஷ்லும்ப்பின் நினைவாக. இதற்கெல்லாம் பணம் ஆலைகளிலிருந்து போனது. 1970-களில் ஜவுளித் தொழில் சரிந்தது, ஆட்குறைப்பு, சம்பளப் பாக்கி, சகோதரர்கள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பாசலுக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் தொழிலாளர்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். வேலை போய்க்கொண்டிருந்த மனிதர்கள், தங்கள் உழைப்பு எங்கே போயிற்று என்பதை அந்த விளக்குகளுக்குக் கீழே முதன்முதலாகப் பார்த்தார்கள். கோபத்தில் ஒரு சின்ன ஆஸ்டின் காரைக் கொளுத்தினார்கள். மற்றவற்றைத் தொடவில்லை. ஆலையைத் தொழிலாளர் ஆலை என்று பெயர் மாற்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, இரண்டு வருடம் அவர்களே காவல் காத்தார்கள். 1978-ல் அரசு அந்தச் சேகரிப்பைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்ததால் துண்டு துண்டாக ஏலம் போகாமல் தப்பியது, 1982-ல் முறையான அருங்காட்சியகமாகத் திறந்தது. ராயல் காரின் சொந்தக்காரர் பட்டியலில் இந்தத் தொழிலாளர்கள் பெயர் வராது. என் கணக்கில் அவர்களும் உண்டு.

எண்பதுகளில் விலை தறிகெட்டு ஏறியது, அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னிங்ஹாம் பெர்லின் டி வொயாஜை 1950-களின் தொடக்கத்திலேயே விற்றுவிட்டார், அது ஹாராவிடம் போய், 1986 ஏலத்தில் ஹியூஸ்டனின் ஜெர்ரி மூர் 65 லட்சம் டாலருக்கு எடுத்தார், ஒரே வருடத்தில் டோமினோஸ் பீட்சாவைத் தொடங்கிய டாம் மோனகன் 81 லட்சம் கொடுத்தார், 1991-ல் வாங்கியதைவிடச் சற்றுக் குறைவாகவே விற்றார். கெல்னர் காரைக் கன்னிங்ஹாம் கடைசிவரை வைத்திருந்து, 1987 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விட, ஸ்வீடனின் ஹான்ஸ் தூலின் 55 லட்சம் பவுண்டுக்கு எடுத்தார். 1990-ல் ஜப்பானின் மெய்டெக் நிறுவனம் 1.57 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி. இவர்களில் பலர் காரை ஒரு வருடம்கூடச் சரியாக ஓட்டிப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். இதெல்லாம் தொடங்கும் முன்பே, 1985-ல் கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் ஆறு கார்களையும் முதல்முறையாக ஒரே புல்வெளியில் நிறுத்தினார்கள். மோல்சைமில்கூட ஆறும் ஒன்றாக நின்றதில்லை.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் கணக்கு எளிது. டியர்பர்னில் செய்னின் கார். மியூலூஸில் கூப்பே நெப்போலியனும் பார்க் வார்டும், அவற்றோடு எஸ்டேர்ஸின் விளக்கில்லாத ரோட்ஸ்டரை மறுபடி உருவாக்கிய காரும். ஃபோக்ஸ்வாகனிடம் இருப்பது அவ்வப்போது கண்காட்சிகளுக்கு வரும். மற்ற இரண்டும் தனியார் கையில்.

மியூலூஸ் போனால் கார் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள். 25 காருக்கென்று திட்டமிட்டதில் நிறைய இன்ஜின் மிஞ்சிவிட்டன அல்லவா, அவற்றை எத்தோர் ரயிலுக்குக் கொடுத்தார். 1933-ல் நான்கு ராயல் இன்ஜின் பூட்டிய ரயில்கார் ஓடியது, பிரான்சின் ஜனாதிபதி ஆல்பர் லெப்ரன் அதில் ஷெர்பூர் வரை பயணம் செய்தார், அப்புறம் ஆர்டர் மேல் ஆர்டர், மிஞ்சியவை தீர்ந்து புதிதாகவே இன்ஜின் செய்ய வேண்டி வந்தது. ராயல் விற்காமல் தள்ளாடிய தொழிற்சாலைக்கு அந்த ரயில்கள்தான் சோறு போட்டன. 1950-கள் வரை சாதாரண ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ராஜாக்களின் இன்ஜினில் போய்வந்தார்கள். மிச்சமிருக்கும் ஒரே ரயில்கார் அதே மியூலூஸில், ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.